லாரி மோதி உருக்குலைந்த பழைய கார்: நிறுவனம் போனில் சொன்ன தொகைக்குச் சம்மதிக்கலாமா?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவரிடம் இருந்தது 2013-ஆம் ஆண்டு மாடல் வேகன் ஆர். இரண்டு மாதங்களுக்கு முன், மதுரையிலிருந்து திரும்பும்போது கொடைரோடு அருகே வேகத்தைக் குறைத்து நின்ற காரைப் பின்னால் வந்த லாரி இடித்துத் தள்ளியது. கார் தடுப்புச் சுவரில் மோதி முன்பக்கமும் நசுங்கியது. ஓட்டிவந்த கணவருக்குக் கழுத்தில் அடி. இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். லாரி ஓட்டுநர் மீது எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் கொடுத்த எஸ்டிமேட் ரூ.2,40,000. பாலிசியில் காருக்குப் போட்டிருக்கும் மதிப்பு ரூ.1,85,000. சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் பார்த்துவிட்டு ‘டோட்டல் லாஸ்’, அதாவது முழுச் சேதம், என்று சொல்லிவிட்டார்.

இதுவரை சிக்கல் இல்லை. பிறகு இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலிருந்து போன் வந்திருக்கிறது. “பன்னிரண்டு வருஷத்து வண்டிக்கு மார்க்கெட்டில் ரூ.1,40,000-க்கு மேல் போகாது. உடைந்த வண்டிக்கு ரூ.55,000, கட்டாயக் கழிவு (ஒவ்வொரு கிளெய்மிலும் உரிமையாளரே ஏற்க வேண்டிய பகுதி) ரூ.1,000 போக ரூ.84,000 தருகிறோம். வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரத்துக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பாவிட்டால் ஃபைலை மூடிவிடுவோம்.”

அவர் கேட்பவை இவை. போன வருடம்தான் நான்கு டயர், பேட்டரி, கிளட்ச் என்று ரூ.45,000 செலவழித்தோம், அதைச் சேர்த்துத் தர மாட்டார்களா? இதே மாதிரி வண்டி இன்று வாங்க ரூ.2,30,000 ஆகும், அதைக் கேட்க முடியாதா? ஆன்லைனில் பாலிசியைப் புதுப்பித்தபோது மகள் இருப்பதிலேயே குறைந்த மதிப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டாள், அதனால்தான் இந்த நிலையா? ஒரு பழைய கார் வியாபாரி ஆர்.சி. புத்தகத்தோடு கொடுத்தால் ரூ.65,000, இல்லாவிட்டால் ரூ.30,000 தருவதாகச் சொல்கிறார், கொடுத்துவிடலாமா? சர்வேயர் கம்பெனியின் ஆள், அவர் சொன்னதற்கு மேல் யார் பேச முடியும்?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று. போனில் சொன்ன தொகைக்குப் போனிலேயே ‘சரி’ என்று சொல்லிவிடாதீர்கள். இந்த வாரம் கையெழுத்துப் போடாவிட்டால் உங்கள் உரிமை போய்விடும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. காலக்கெடு இருப்பது நிறுவனத்துக்குத்தான். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி சர்வேயர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அது கைக்கு வந்த 7 நாளில் நிறுவனம் முடிவைச் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் கழித்து உங்களை அவசரப்படுத்துவது நியாயமில்லை.

உங்கள் வழக்கு ஒரே ஓர் எண்ணில் இருக்கிறது

பாலிசியின் முதல் பக்கத்தில் உள்ள அட்டவணையை எடுத்துப் பாருங்கள். வண்டி எண், என்ஜின் எண், சேசிஸ் எண் இருக்கும் அதே கட்டத்தில் ‘ஐ.டி.வி.’ என்று ஒரு தொகை இருக்கும். காப்பீடு செய்தவர் அறிவித்த மதிப்பு என்பது அதன் பொருள். உங்கள் பாலிசியில் அது ரூ.1,85,000.

தனியார் கார்களுக்கான பாலிசி வாசகத்திலேயே இதைப் பற்றித் தெளிவான ஒரு வரி உண்டு: முழுச் சேதம் என்று வரும்போது, பாலிசிக் காலம் முழுவதும் இந்த ஐ.டி.வி.யையே சந்தை மதிப்பாகக் கொள்ள வேண்டும். மேற்கொண்டு தேய்மானம் கழிக்கக் கூடாது. ஆகவே ‘மார்க்கெட்டில் என்ன போகும்’ என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. ஐந்து வருடத்துக்குள் உள்ள வண்டிக்கு ஐ.டி.வி.யைக் கணக்கிட ஒரு தேய்மானப் பட்டியல் இருக்கிறது. ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்குப் பட்டியல் கிடையாது. நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒத்துக்கொண்ட தொகைதான். அந்த ரூ.1,85,000 நிறுவனமே முன்வைத்து, அதற்கேற்பப் பிரீமியமும் வாங்கிக்கொண்ட தொகை. பிரீமியம் வாங்கும்போது ஒரு மதிப்பு, பணம் கொடுக்கும்போது வேறொரு மதிப்பு என்பதை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. தர்மேந்திர கோயல் வழக்கில் (2008) ரூ.3,54,000-க்குக் காப்பீடு செய்த வண்டி ஏழு மாதத்தில் விபத்தில் முழுச் சேதமானது. நிறுவனம் ரூ.1,80,000-தான் அதன் மதிப்பு என்றது. உச்ச நீதிமன்றம் ரூ.10,000 மட்டும் கழித்து ரூ.3,44,000 கொடுக்கச் சொன்னது.

இதே காரணத்தால்தான் உங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கும் நீங்கள் விரும்பும் பதிலை என்னால் தர முடியவில்லை. டயருக்கும் கிளட்ச்சுக்கும் செய்த செலவு தனியாகத் திரும்பி வராது. அதே மாதிரி வண்டி வாங்க ரூ.2,30,000 ஆகும் என்பதும் உங்கள் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. ஐ.டி.வி. நிறுவனத்தைப் பிடித்துவைக்கும் அளவுக்கு உங்களையும் பிடித்துவைக்கிறது. பேச்சுவார்த்தையில் பலர் சறுக்குவது இங்கேதான். விளம்பரங்களில் வரும் பழைய கார் விலைகளைத் திரட்டிக்கொண்டு போய் ‘மார்க்கெட் விலை இவ்வளவு’ என்று வாதிடத் தொடங்கினால், மார்க்கெட் விலையைப் பேசலாம் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு அவர்கள் ரூ.1,40,000 என்று ஒரு தாளை நீட்டுவார்கள். ஆகவே அந்தத் தாள்கள் எதுவும் இந்தக் கிளெய்மில் வேண்டாம். அவற்றுக்கு வேறோர் இடம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

மகள் குறைந்த மதிப்பைத் தேர்ந்தெடுத்ததற்காக வீட்டில் யாரும் அவளைக் குறை சொல்ல வேண்டாம். புதுப்பிக்கும் இணையப் பக்கங்கள் குறைந்த பிரீமியத்தைத்தான் முன்னால் காட்டுகின்றன. பெரும்பாலானவர்கள் அதைத்தான் அழுத்துகிறார்கள். இப்போது ஐ.டி.வி.யிலிருந்து ரூ.1,40,000-க்குக் குறைத்ததில் போகும் ரூ.45,000, அவள் தேர்ந்தெடுத்த மதிப்பால் வந்ததில்லை. அந்த மதிப்பையே நிறுவனம் மதிக்காததால் வந்தது.

பழுது பார்த்து வைத்துக்கொண்டால் என்ன?

பன்னிரண்டு வருடம் உடன் இருந்த வண்டியை விட மனம் வராது என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழுச் சேதமாகக் கருதப்படும். உங்கள் வண்டிக்கு அந்த எல்லை ரூ.1,38,750. ஆனால் அது எஸ்டிமேட்டில் உள்ள மொத்தத் தொகையை வைத்துப் பார்ப்பதில்லை. பாலிசி நிபந்தனைகளின்படி தேய்மானம் கழித்த பிறகு வரும் தொகையை வைத்துப் பார்ப்பது. பத்து வருடம் தாண்டிய வண்டியின் உலோகப் பாகங்களுக்குப் பாதி, ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் பாதி கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உங்கள் எஸ்டிமேட்டில் பாகங்கள் மட்டும் ரூ.1,60,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஏறக்குறைய பாதி உங்கள் பையிலிருந்துதான் போக வேண்டும். நசுங்கிய வண்டியைப் பிரித்த பிறகு எஸ்டிமேட் குறைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சேசிஸ் வளைந்திருக்கிறது என்று மெக்கானிக்கே சொல்லும்போது, அதில் மறுபடி குடும்பத்தை ஏற்றிப் போகும் நினைப்பை விட்டுவிடுங்கள்.

நிறுவனம் ‘டோட்டல் லாஸ்’ என்று சொன்னதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பேச்சு முற்றும்போது சிலர் பழுதுச் செலவுக் கணக்குக்குத் தாவிக் குறைந்த தொகையைக் காட்டுவதுண்டு.

உடைந்த வண்டி யார் தலையில்?

ரூ.55,000 கழிப்பதற்கு நிறுவனத்திடம் ஓர் ஆதாரம் உண்டு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முழுச் சேதத்தில் ஐ.டி.வி.யிலிருந்து உடைந்த வண்டியின் மதிப்பைக் கழித்துக் கொடுப்பது என்பது பாலிசி நிபந்தனைகளில் இருக்கும் வாசகம்தான். ஆனால் 2024 ஜூன் மாதம் ஒழுங்குமுறை ஆணையம் பொதுக் காப்பீட்டுக்கு வெளியிட்ட தொகுப்புச் சுற்றறிக்கை, தனிநபர் வாடிக்கையாளர்களிடம் உடைந்த பொருளை விற்றுக்கொள்ளும் பொறுப்பைத் தள்ளக் கூடாது, அதை எடுத்துக்கொள்வது நிறுவனத்தின் வேலை என்று சொல்கிறது. ஆகவே ‘வண்டியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், முழுத் தொகையைத் தாருங்கள்’ என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

இப்போது அந்த வியாபாரி சொன்னதைக் கவனியுங்கள். ஆர்.சி. புத்தகத்தோடு ரூ.65,000, இல்லாமல் ரூ.30,000. ஓடாத வண்டியின் காகிதத்துக்கு ரூ.35,000 ஏன்? நல்ல காரணமும் இருக்கலாம். மலிவாகச் சீர்செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் திருட்டு வண்டி ஒன்றுக்கு உங்கள் வண்டியின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் பொருத்தி ஓட்டும் மோசடியும் நாடறிந்த ஒன்று. அந்த வண்டி எங்காவது ஒருவரை இடித்துவிட்டால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வண்டி கைமாறியிருந்தாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நவீன் குமார் வழக்கில் (2018) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிய விற்பனைக் கடிதமும், தேதி போடாமல் கையெழுத்திட்ட, பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் எண் படிவங்களும் உங்களைக் காப்பாற்றாது. அந்த வியாபாரியிடம் ஆர்.சி.யைக் கொடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்த பகுதி இதுதான்.

இனிமேல் ஓட்டவே முடியாத வண்டியைப் பற்றி 14 நாளில், அல்லது முடிந்த விரைவில், வாகனப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்கிறது. பல நிறுவனங்களும் ஆர்.சி. ரத்து செய்த சான்று வந்த பிறகே பணத்தை விடுவிக்கின்றன. அப்படிக் கேட்டால் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: “ரூ.55,000 என்று மதிப்பிட்டது ஆர்.சி.யோடா, ஆர்.சி. இல்லாமலா?” இந்தத் தொகைகள் பெரும்பாலும் இணைய ஏலத்தில் வியாபாரிகள் கேட்கும் விலையிலிருந்து வருகின்றன. ஆர்.சி.யோடு கேட்ட விலையைக் கழித்துவிட்டு, ஆர்.சி.யை ரத்து செய்யவும் சொன்னால், உங்கள் கையில் மிஞ்சுவது ரூ.30,000 பெறுமானமுள்ள இரும்புதான். ரூ.55,000 தரத் தயாராக இருப்பவரின் பெயரை எழுத்தில் கொடுங்கள், அவரிடமே நிறுவனம் ஒப்படைத்துப் பெயர் மாற்றத்தை முடித்துத் தரட்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடத்தில் எண் மாறும்.

உங்கள் கணக்கு இப்படி நிற்கிறது. வண்டியை நிறுவனம் எடுத்துக்கொண்டால் ரூ.1,85,000-இல் கட்டாயக் கழிவு ரூ.1,000 போக ரூ.1,84,000. என்ஜின் 1,500 சி.சி.க்குள் இருப்பதால் கழிவு ஆயிரம்தான். பிரீமியத்தைக் குறைக்க விருப்பக் கழிவு எதையும் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று அட்டவணையில் பாருங்கள். வண்டியை நீங்கள் வைத்துக்கொள்வதானால், ஆர்.சி. ரத்தான நிலையில் ரூ.30,000 கழித்து ரூ.1,54,000. நான் முதல் வழியைத்தான் சொல்வேன். பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே காயலான் கடைக்காரரோடு பேரம் பேசும் வேலை உங்களுக்கு எதற்கு? ஒர்க்‌ஷாப்பில் வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை கேட்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். அந்தச் செலவை நிறுவனம் பொதுவாக ஏற்பதில்லை. வண்டியை உடனே எடுத்துப்போகச் சொல்லி எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எழுத்தில் கேளுங்கள்

நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் ஒரு கடிதம் அனுப்புங்கள். நீளம் வேண்டாம், கோபமும் வேண்டாம். இந்த அளவு போதும்:

“மேற்கண்ட கிளெய்மில் என் வாகனம் முழுச் சேதம் என்று தங்கள் சர்வேயர் மதிப்பிட்டுள்ளார். பாலிசி அட்டவணையில் கண்ட ஐ.டி.வி. ரூ.1,85,000. கட்டாயக் கழிவு ரூ.1,000 போக ரூ.1,84,000 வழங்கி, சேதமடைந்த வாகனத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளக் கோருகிறேன். தொலைபேசியில் ரூ.1,40,000 என்று சொல்லப்பட்ட மதிப்புக்குப் பாலிசியின் எந்த நிபந்தனை ஆதாரம் என்பதையும், ரூ.55,000 கழிவுக்கான ஏல விவரத்தையும் எழுத்தில் தெரிவிக்கவும். சர்வே அறிக்கையின் நகலையும் அனுப்பவும்.”

சர்வேயர் ஆணையத்திடம் உரிமம் பெற்றவர். கட்டணம் தருவது நிறுவனம்தான் என்றாலும் நடுநிலையாக மதிப்பிடும் கடமை அவருக்கு உண்டு. அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. அவருடைய அறிக்கை இறுதிச் சொல் ஆகாது என்று பிரதீப் குமார் வழக்கில் (2009) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அறிக்கையைப் படித்துப் பாருங்கள்; ரூ.1,40,000 என்ற எண் அவர் எழுதியதா, போன் செய்தவர் சொன்னதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பு தரும் அதிகாரி) அலுவலகத்துக்குப் புகார் அனுப்பலாம். தமிழ்நாடு முழுவதும் அதன் எல்லைக்குள் வருகிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும். ஆம்புட்ஸ்மன் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் ஏற்காமல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, உங்கள் பிரீமியத் தொகைக்கு மனுக் கட்டணமும் கிடையாது. ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது ஆம்புட்ஸ்மனிடம் போக முடியாது, ஆகவே இந்த வரிசையை மாற்றாதீர்கள். என் அனுபவத்தில், ஐ.டி.வி. தெளிவாக இருக்கும் கிளெய்ம்களில் பல, சரியாக எழுதிய முதல் கடிதத்திலேயே முடிந்துவிடுகின்றன.

நடுவில் பணத் தேவை வந்து குறைந்த தொகையை வாங்க நேர்ந்தால் பயப்பட வேண்டாம். ரசீதில் ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள். முழுத் தீர்வு ரசீதில் கையெழுத்து வாங்கிவிட்டதையே காரணம் காட்டி, கூடுதல் தொகை கேட்டு வழக்காடும் உரிமையைத் தடுக்கக் கூடாது என்று ஆணையம் 2015-இலேயே நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் ஒன்றும் எழுதாமல் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு வாதாடுவது கடினம்.

லாரியை மறந்துவிட்டீர்கள்

கடிதம் முழுவதும் உங்கள் நிறுவனத்தைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். தவறு செய்த லாரிக்கும் ஓர் இன்ஷூரன்ஸ் இருக்கும். அதன் மூன்றாம் நபர் காப்பீடு மற்றவர் சொத்துக்கு ஏற்படும் சேதத்தையும் வழக்கமாக ரூ.7,50,000 வரை ஏற்கும். திண்டுக்கல்லில் உள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் லாரி உரிமையாளரையும் அவருடைய நிறுவனத்தையும் எதிர்த்து மனு போடலாம். கணவரின் மருத்துவச் செலவு, அவருடைய வலிக்கான இழப்பீடு, வண்டியை இழுத்துவந்த செலவு, உங்கள் பாலிசியில் கிடைக்காமல் போகும் மதிப்பு ஆகியவற்றை அங்கே கேட்கலாம். பழைய கார் விலைகளைக் காட்டும் தாள்களும், டயர், கிளட்ச் பில்களும் பயன்படப்போவது அங்கேதான். ஒரே நட்டத்துக்கு இரண்டு இடத்திலும் பணம் வாங்க முடியாது. மீதியைத்தான் கேட்க வேண்டும். ஆகவே உங்கள் நிறுவனத்துக்குத் தரும் ரசீதில் ‘இது என் பாலிசியின் கீழ் வரும் தொகைக்கு மட்டும், லாரி தரப்பிடம் உள்ள என் உரிமைக்கு இது தடையில்லை’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு அந்த ரசீதையே தூக்கிக் காட்டும்.

விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு தாக்கலாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இரண்டு மாதம் போய்விட்டது. எஃப்.ஐ.ஆர். நகல், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, மருத்துவமனைக் காகிதங்கள் ஆகியவற்றோடு உள்ளூர் வக்கீல் ஒருவரை இந்த மாதமே பாருங்கள். இந்தப் பகுதியை மட்டும் நீங்களே செய்ய முயல வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் இணைத்த ஆர்.சி. நகலில் ஒன்று கண்ணில் பட்டது. கார் கடன் 2018-இலேயே முடிந்துவிட்டது என்கிறீர்கள், ஆனால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இன்னும் நிற்கிறது. அது இருக்கும்வரை முழுச் சேதத் தொகையை நிறுவனம் வங்கிக்கே அனுப்பலாம், அல்லது வங்கியின் தடையின்மைச் சான்று கேட்டு நிறுத்திவைக்கலாம். பழைய சான்று வீட்டில் இருந்தாலும் காலாவதியாகியிருக்கும். கடன் கணக்கு எண்ணோடு கிளைக்குப் போய்ப் புதிய சான்றும், ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை நீக்குவதற்கான, வங்கி கையெழுத்திட்ட 35-ஆம் எண் படிவமும் கேளுங்கள். கணக்கு மூடிய கோப்பைத் தேடி எடுக்க அவர்களுக்கு நாளாகும். நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பும் அதே நாளில் வங்கிக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.